எவர் காவலில் இந்தப் பக்கம்?
கூட்டாக எழுதப்படும் இணையக் கலைக்களஞ்சியமும் தமிழில் மருத்துவ அறிவும்

1829 மார்ச் 20 இரவு யாழ்ப்பாணத்தில் சந்திர கிரகணம் தெரிய இருந்தது. அதற்கு முன்பே வட்டுக்கோட்டைப் பகுதியில் இரண்டு கணிப்புகள் பேச்சாகியிருந்தன. ஒன்று, அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்துக்காகக் கணித்தது. மற்றது, மிசனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியின் அதிபர் டானியல் பூவர் மேனாட்டு வானியல் அட்டவணைகளைக் கொண்டு கணித்தது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு என்ற மூன்றிலும் இருவரும் வேறுபட்டார்கள். அன்றிரவு நிலவு பூவரின் கணிப்புப்படியே மறைந்தது என்று மிசன் பதிவுகள் சொல்கின்றன. மிசனரிமார் இதைச் சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள், அது தனிக்கதை. நான் இங்கே கவனிப்பது அந்தச் சோதனை நடந்த விதத்தை. மணிக்கூடும் கண்ணும் இருந்த எவரும் முற்றத்தில் நின்றபடி யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

மருத்துவத்தில் அப்படி முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று ஒருவர் சொல்வது உண்மையா என்று நோயாளியின் தாய் தானாகச் சோதித்தறிய வழியில்லை. பல நூறு நோயாளிகளை வேறு யாரோ எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதை இன்னும் சிலர் சரிபார்த்திருக்க வேண்டும். அந்தச் செய்தி வழியில் திரியாமல் அவளிடம் வந்துசேர வேண்டும். இன்று அது பெரும்பாலும் கைத்தொலைபேசியின் தேடல் பெட்டி வழியாகவே வருகிறது. அங்கே முதலில் நிற்பவற்றுள் ஒன்று, எவரும் திருத்தக்கூடிய விக்கிப்பீடியா. அதை மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் இருபது ஆண்டுகளாக ஆய்வுகள் வந்துள்ளன. தமிழில் அந்தக் கேள்வியை நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. கேட்பதற்கு வட்டுக்கோட்டையை விடப் பொருத்தமான இடமும் இல்லை. நவீன அறிவியலைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பித்த மிகப் பழைய இடங்களில் ஒன்று இது.

செமினரி 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்பட்டது. அங்கே கணிதமும் வானியலும் இயற்கைத் தத்துவமும் கற்பித்தார்கள். நேதன் வார்ட் என்ற மருத்துவரும் ஆசிரியராக இருந்தார். ஆனால் மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கும் வேலையைக் கையில் எடுத்தவர் 1847 இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்ட அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மருத்துவ வகுப்பு நடத்தினார். 1864 முதல் கற்பித்தலைத் தமிழுக்கே மாற்றினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்று வெளியேறினார்கள். அவர்களுக்காக வந்த நூல்கள் ஒரு வரிசை: 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’, அவர் அமெரிக்கா திரும்பிய பின்னும் 1883 இல் ‘மனுஷ சுகரணம்’. இந்த நூல்களில் எதுவும் தனியொருவர் எழுதியது அல்ல. மாணவர் ஒருவர் மொழிபெயர்ப்பார். கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொற்கள் தனிப் பட்டியலாகத் தொகுக்கப்படும். அடுத்த நூல் அந்தப் பட்டியலின் மேல் கட்டப்படும். கூட்டாக மருத்துவம் எழுதுவது எங்கள் மண்ணுக்குப் புதிய வேலை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த நூல்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ‘இரண வைத்தியம்’ வெளிவந்த அதே 1867 இல்தான் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் காயங்களைச் சீழ்பிடிக்காமல் காப்பது பற்றிய கட்டுரைகளை ‘லான்செட்’ இதழில் எழுதினார். அறுவைச் சிகிச்சையே அதன் பின் வேறாகிவிட்டது. 1882 இல் ரொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். தமிழ் நூல்களின் ஆங்கில மூலங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டு போயின. தமிழ் நூல்கள் அப்படியே நின்றன. கிறீன் 1873 இல் ஊர் திரும்பினார், 1884 இல் இறந்தார். மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குப் போயிற்று. மறுபதிப்புக்கு ஆளும் இல்லை, வாசகரும் இல்லை. மொழிபெயர்ப்பின் தரத்தில் குறை சொல்ல இடமில்லாத ஒரு நூல்வரிசை, புதுப்பிப்பார் இல்லாததால் மருத்துவமாக இருந்து வரலாறாக மாறியது.

பின்வந்த அச்சுக் கலைக்களஞ்சியங்களும் இதே சிக்கலில் மாட்டியவைதான். மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902 இல் வந்தது. தமிழின் முதல் கலைக்களஞ்சிய முயற்சி என்று அதைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் புராண, இலக்கிய, வரலாற்றுப் பெயர்களின் அகராதி. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அறிவியலும் மருத்துவமும் அதில் தக்கவர்களால் எழுதப்பட்டன. கடைசித் தொகுதி அச்சேறியபோது முதல் தொகுதியின் மருத்துவத்துக்குப் பதினான்கு வயது. உழைத்தவர்களின் குறை இது என்று சொல்ல மாட்டேன். அச்சின் இயல்பு அது.

இந்தப் பின்னணியில் 2003 செப்டெம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். அதன் தொடக்க காலத்தைத் தாங்கியவர் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தனியாளாக எழுதினார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 இல் கட்டுரை எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். இவ்வளவும் சம்பளமில்லா உழைப்பு. எந்தப் பக்கத்தையும் இன்றிரவே திருத்தலாம் என்ற வசதி, கிறீனுக்கும் தூரனுக்கும் கிடைக்காத ஒன்று.

ஆனால் திருத்தலாம் என்பதும் திருத்தப்படுகிறது என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஆங்கில அனுபவம். 2005 இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாக் கட்டுரையையும் பிரித்தானிக்காக் கட்டுரையையும் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை அறிஞர்களிடம் கொடுத்தது. கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு பிழைகள் விக்கிப்பீடியாவில், மூன்று பிரித்தானிக்காவில். பிரித்தானிக்கா அந்த ஆய்வின் முறையையே கடுமையாக மறுத்தது. இருந்தும், எவரும் எழுதினால் குப்பைதான் சேரும் என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது.

மருத்துவத்துக்கு வந்தால் படம் இன்னும் நுணுக்கமானது. 2008 இல் மருந்தியலாளர் சிலர் மருந்துகள் பற்றிய 80 கேள்விகளை விக்கிப்பீடியாவிடமும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு தரவுத்தளத்திடமும் கேட்டுப் பார்த்தார்கள். தரவுத்தளம் 82.5 வீதத்துக்குப் பதில் வைத்திருந்தது. விக்கிப்பீடியா 40 வீதத்துக்கே. விக்கிப்பீடியாவில் நேரான தவறான தகவல் எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. குறை, சொல்லாமல் விட்டதில் இருந்தது. என் கணிப்பில் இந்தத் துறையில் வந்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான். பிழையை வாசகர் எப்போதாவது முரண்பாட்டில் கண்டுபிடிக்கக்கூடும். எழுதப்படாத எச்சரிக்கையை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2014 இல் இன்னொரு கோணம் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சில மருந்துகளுக்குப் புதிய பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தபின் அவற்றின் விக்கிப்பீடியாப் பக்கங்கள் எப்போது மாறின என்று பார்த்தார்கள். 41 வீதம் இரண்டு கிழமைக்குள் மாறிவிட்டன. 36 வீதம் ஓராண்டு கடந்தும் மாறவில்லை. பரவலாக வாசிக்கப்படும் நோய்களின் மருந்துப் பக்கங்களைப் பலர் கவனிக்கிறார்கள். அரிதான மருந்தின் பக்கத்துக்கு ஆள் இல்லை. அதே ஆண்டில், பத்து நோய்க் கட்டுரைகளில் ஒன்பதில் பிழை இருப்பதாக அமெரிக்க மருத்துவ இதழொன்று அறிவித்து உலகச் செய்தித்தாள்களில் தலைப்பானது. எதைப் பிழை என்று எண்ணினார்கள் என்பதே தெளிவில்லாத ஆய்வு அது. அதன் தலைப்பு மட்டும்தான் இன்றும் மேடைகளில் மேற்கோளாகிறது.

இந்தப் பக்கங்களை எத்தனை பேர் காக்கிறார்கள்? கனடாவின் அவசர சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஹைல்மன் இன்னொருவருடன் சேர்ந்து 2015 இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை. 2013 முடிவில் 255 இற்கும் மேற்பட்ட மொழிகளில் 155,000 மருத்துவக் கட்டுரைகள்; அந்த ஓராண்டில் அவை 488 கோடி தடவை பார்க்கப்பட்டன. தொடர்ந்து உழைக்கும் மையத் தொகுப்பாளர்களோ முந்நூறு பேருக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவத் துறையினர். உலகம் முழுவதற்குமான எண்ணிக்கை இது. இவர்களில் தமிழ்ப் பக்கங்களைக் காப்பவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இனி ஒரேயொரு பக்கத்தை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். டெங்கு. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் தொடங்கும். கார்த்திகையிலிருந்து தை வரை வாட்டுகள் நிறையும். 2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த நோயின் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு ஒரு சிறப்பு உண்டு. ஹைல்மனும் கூட்டாளிகளும் அதை முழுமையாக்கி, துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு உட்படுத்தி, 2014 இல் ‘ஓப்பன் மெடிசின்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையொன்று மருத்துவ ஆய்விதழின் தேர்வில் தேறி அச்சானது அதுவே முதல் தடவை.

இந்த வெற்றிக்குப் பின் நடந்ததுதான் பாடம். 2016 இல் பிலிப்பைன்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டது. 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே, முன்பு டெங்கு வராத ஒருவருக்கு அந்த ஊசி போட்டால் பின்னர் வரும் தொற்று கடுமையாகலாம் என்று அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது; நாடே கலங்கியது. 2014 இன் அச்சுப் பதிப்பில் இது இருக்க முடியாது. அந்த ஆய்விதழும் நின்றுபோனது. இணையப் பக்கம் மட்டும் மாற முடிந்தது. அறிஞர் முத்திரை பெற்ற நிலையான பதிப்பை விட, முத்திரையில்லாத ஆனால் இன்று திருத்தப்பட்ட பக்கம் நோயாளிக்கு உதவும் நேரங்கள் உண்டு. ஒரே நிபந்தனை, அதை இன்று யாரோ திருத்தியிருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தில் டெங்கு பற்றி என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். முதலாவது, காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தான நாட்கள் என்பது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடம்பு குளிர்ந்து பிள்ளை தேறிவிட்டதுபோலத் தோன்றும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழலாம். வயிற்று வலி, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், சோர்வு, சிறுநீர் குறைதல் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. இரண்டாவது, அஸ்பிரினும் இபுபுரூபனும் கூடாது, பரசிற்றமோல் மட்டும் அளவோடு. மூன்றாவது, பப்பாசி இலைச் சாறு. எங்கள் வீடுகளில் டெங்கு என்றதும் முதலில் எழும் பேச்சு அது. சில சிறு ஆய்வுகளில் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியதாகக் கண்டார்கள். உயிரிழப்பைக் குறைக்கிறது என்று நிறுவப்படவில்லை. ஆபத்தோ முதன்மையாக நீர்க்கசிவில் இருக்கிறது. சாறு குடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு நாள் தாமதித்தால் அந்த ஒரு நாள் போதும். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் பற்றியும் இதே நிதானத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நியூயோர்க்கில் இருக்கும் வாசகருக்கு எழுதிய ஆங்கிலப் பக்கத்தில் இந்த மூன்றாவது விடயத்துக்கு ஒரு வரி இடம் கிடைத்தால் அதிகம். இங்கே அதற்கு ஒரு பத்தி வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால் போதும் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. 2009 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆளமர்த்தித் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு தமிழ் உள்ளிட்ட மொழிகளில் விக்கிப்பீடியாக் கட்டுரைகளைச் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. வாக்கியங்கள் படிக்க முடியாதவையாக இருந்தன. தலைப்புகளில் பல தமிழ் வாசகர் தேடாதவை. எழுதியவர்கள் கூலி முடிந்ததும் போய்விட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் அதை ஆராய்ந்து, 2010 இல் போலந்தின் கிடான்ஸ்கில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தங்கள் மதிப்பீட்டை முன்வைத்தார்கள். வங்காள விக்கிப்பீடியா அத்தகைய கட்டுரைகளை ஏற்கவே மறுத்தது. கட்டுரை எழுதும் போட்டிகளும் இதற்கு ஒரு படி கீழே அதே நோயைத் தருகின்றன: போட்டி மாதத்தில் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் பிறக்கும், பரிசளிப்புக்குப் பின் அவற்றைத் திரும்பிப் பார்ப்பவர் அரிது. ஒரு திரைப்படக் கட்டுரை அப்படிக் கிடந்தால் நட்டம் சிறிது. நோய்க் கட்டுரை அப்படிக் கிடக்கக் கூடாது.

சிறிய மொழிகளில் காவலின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியா சாட்சி. அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் ஆண்டுக்கணக்காகப் பல்லாயிரம் கட்டுரைகளைப் போலி ஸ்கொட்ஸில் எழுதிக்கொண்டிருந்தது 2020 இல்தான் வெளியே தெரிந்தது. அவர் கெட்ட நோக்கம் கொண்டவர் அல்லர். தடுக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதற்குப் பாம்புக்கடியையும் எடுத்துக்கொள்வோம். கடித்த இடத்திலிருந்து முழுக் கையையோ காலையோ அழுத்திச் சுற்றிக் கட்டும் முறை 1970களின் இறுதியில் ஆத்திரேலியாவில் உருவானது. அங்குள்ள பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நரம்பைத் தாக்குவது. எங்கள் தோட்டங்களில் கடிப்பவற்றுள் கண்ணாடிப் புடையன் முக்கியமானது. அதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சிறுநீரகத்தைத் தாக்கி, கடிபட்ட தசையையும் அழிக்கும். அத்தகைய கடியில் இறுக்கிக் கட்டுவது தீங்காக முடியலாம். தென்கிழக்காசியாவுக்கான உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் இதில் எச்சரிக்கையாகவே பேசுகிறது. நாங்கள் புடையன் என்பதைத் தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன் என்பார்கள். இரண்டு பெயரும் ஒரே பக்கத்துக்கு வந்துசேரவில்லை என்றால் தேடுபவருக்கு நஞ்சில்லாத வேறெதுவோ அகப்படலாம். அத்தோடு, இலங்கையில் பயன்படும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. தென்னிலங்கையில் நிறையப் பேரைக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கிய சிறு குழிவிரியனுக்கு அது உதவாது. இந்த விவரங்களெல்லாம் ஆங்கில ஆய்விதழ்களில் உண்டு. மொழிபெயர்ப்பாளரின் முன்னால் இருக்கும் ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கத்தில் அவை ஒரு மூலையில் கிடக்கும், அல்லது இருக்காது.

கிணற்று நீரும் அப்படித்தான். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே போடுவது சீக்கிரம் கீழே போய்ச் சேரும். உரமும் மலக்குழியும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருப்பதை எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல தடவை அளந்து எழுதியிருக்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனை ஏந்த முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வட்டுக்கோட்டையில் பிள்ளை பெற்றிருக்கும் ஒரு தாய்க்கு, உலகின் எந்தக் கலைக்களஞ்சியக் கட்டுரையை விடவும் இந்த மூன்று வரி முக்கியம். இதை எழுதத் தக்கவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள்.

பழசாகிப்போகும் சிக்கலுக்கு மலேரியா நல்ல உதாரணம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. அதே ஆண்டின் முடிவில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஒரு வகை நுளம்பு மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கிடைத்தது. முதற் செய்தியை எழுதி இரண்டாவதை விட்டால் வாசகர் அலட்சியமாவார். இரண்டாவதை மட்டும் எழுதினால் பயப்படுவார்.

தேடுபவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்பதும் மருத்துவக் கேள்விதான். சலரோகம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, சின்னமுத்து, கூகைக்கட்டு, கொப்பளிப்பான், தொய்வு என்று எங்கள் வீடுகளில் வழங்கும் பெயர்கள் வேறு, பாடநூல் பெயர்கள் வேறு, தமிழ்நாட்டுப் பெயர்கள் வேறு. நாங்கள் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படித்தோம். அங்கே ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு. தமிழ் விக்கிப்பீடியா இதற்கு ஒரு நல்ல தீர்வு வைத்திருக்கிறது: எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வழிமாற்றிவிடலாம், கட்டுரையின் முதல் வரியிலேயே மற்றப் பெயர்களையும் தரலாம். எந்த நாட்டுச் சொல் தலைப்பாக வேண்டும் என்று பேச்சுப் பக்கங்களில் நீண்ட விவாதங்கள் நடந்திருக்கின்றன. அவை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு வழிமாற்றி போடுவதற்கு ஒரு நிமிடமே தேவை. ஊர்ப் பெயர்களுக்கு அது இன்னும் முழுமையாகச் செய்யப்படவில்லை.

சித்த மருத்துவத்தைத் தொடாமல் இந்த ஆய்வு முடியாது. ஆங்கில விக்கிப்பீடியா, இந்திய மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாட்டை மேற்கோள் காட்டிச் சித்த மருத்துவத்தைப் போலி மருத்துவம் என்ற பொருள்படக் கடும் சொற்களால் அறிமுகப்படுத்தியது. தமிழர் பலர் புண்பட்டார்கள். ஆயுர்வேதக் கட்டுரையைப் பற்றி அதன் மருந்து உற்பத்தியாளர் சங்கம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 அக்டோபரில் மனு தள்ளுபடியானது. மறுபக்கம், தமிழில் மூலிகைக் கட்டுரைகள் பலவற்றில் ‘மருத்துவ குணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு இலை பத்துப் பதினைந்து நோய்களைக் குணப்படுத்துவதாகச் சான்றில்லாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் ஏற்புடையன அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் ஒரு மருத்துவ மரபைப் பற்றி எழுதும்போது அதன் நூல்கள், நோய் பார்க்கும் முறை, மருந்து செய்யும் முறை எல்லாம் மதிப்போடு விளக்கப்பட வேண்டும். அதே பக்கத்தில், இரசமும் காரீயமும் சேரும் மருந்துகளின் ஆபத்தும், எந்த மருந்துக்கு மனிதரிடம் சோதித்த சான்று உண்டு, எதற்கு இல்லை என்பதும் ஒளிக்காமல் வர வேண்டும். பழமை மட்டும் சான்றாகாது. அதற்காகப் பழமையை இழிவுபடுத்துவது சான்றின் பெயரால் செய்யும் அவசரம். இதைச் சமநிலையோடு எழுதக்கூடியவர்கள் சித்த மருத்துவமும் ஆய்வு முறையும் இரண்டும் கற்றவர்கள். அப்படிப்பட்டவர்கள் இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கங்களின் தாக்கம் வாசகரோடு நிற்பதில்லை. 2017 இல் இரண்டு பொருளியலாளர்கள் வேதியியலில் ஒரு சோதனை செய்தார்கள். புதிதாக எழுதுவித்த கட்டுரைகளில் பாதியை மட்டும் விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். ஏற்றியவற்றின் சொற்போக்கு பின்னர் ஆய்வுக் கட்டுரைகளில் கூடுதலாகத் தென்பட்டது. அறிவியலாளரும் அங்கே படிக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. 2020 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமே கொரோனாத் தொற்றுத் தகவல்களுக்காக விக்கிமீடியா அறக்கட்டளையோடு உடன்பாடு செய்தது. இப்போது கேள்விக்கு உடனே பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இந்தப் பக்கங்களைத் தின்று வளர்ந்தவையே. தமிழில் இருக்கும் மருத்துவ எழுத்து கொஞ்சம் என்பதால், கவனிப்பாரற்ற ஒரு தமிழ்ப் பக்கத்தின் பிழை அந்தப் பதில்களில் கூடுதல் எடையோடு திரும்பி வரக்கூடும். மூலப் பக்கத்தில் பிழையாவது திருத்தும் பொத்தானோடு இருக்கிறது. செயலியின் பதிலில் அதுவும் இல்லை.

ஆகவே ஒரு தமிழ் மருத்துவப் பக்கத்தைத் திறப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கட்டுரையின் நீளத்தை அல்ல. மேலேயுள்ள ‘வரலாறு’ பொத்தானை அமுக்கினால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாகத் தெரியும். கடைசியாக மனிதர் ஒருவர் பொருளைத் தொட்டது எந்த ஆண்டு? அடிக்குறிப்புகள் எங்கே இட்டுச் செல்கின்றன, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகளுக்கா, செய்தித்தாள் துணுக்குக்கா? மருந்தின் அளவை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கவே கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவ எழுத்து நெறியும் அளவுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் களஞ்சியம் அச்சு நூலை விட நேர்மையானது, ஏனென்றால் தன் வயதை மறைப்பதில்லை.

பார்க்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? அங்கே பொறுப்பு அறிந்தவர்களிடம் வருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவப் பள்ளி 2013 முதல் இறுதியாண்டு மாணவர்களுக்கு விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவதைப் பாடமாகவே வைத்து, அதற்குரிய புள்ளியும் கொடுத்தது. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978 முதல் இயங்குகிறது. அங்கே ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்கும் மாணவர் பலர் வாட்டில் நோயாளியோடு தமிழில் பேசுகிறார்கள். கிறீனின் வகுப்புக்கு அது தலைகீழான நிலை என்றாலும், இரண்டு மொழியிலும் நோயை விளக்கத் தெரிந்த தலைமுறை அது. ஒரு வகுப்புக்கு ஒரு பருவத்தில் இருபது பக்கங்கள் போதும்: டெங்கு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், காசநோய், ஈழை, சிறுநீரகக் கல், நைத்திரேற்று, விசர்நாய்க்கடி என்று எங்களூர் வாட்டுகள் நிறையும் காரணங்களிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மாணவர் எழுத, ஒரு விரிவுரையாளர் ஒப்பிட்டுத் திருத்த, ஒரு தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ படித்து விளங்குகிறதா என்று சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பு புதுப் பக்கம் தொடங்குவதற்கு முன் முந்திய வகுப்பின் இருபதையும் வரி வரியாகச் சரிபார்த்து, அந்த ஆண்டு வந்த வழிகாட்டிகளோடு ஒப்பிட்டு, திகதியிட்டு விட வேண்டும். புள்ளியில் பாதி இந்தச் சரிபார்ப்புக்கு. டெங்குப் பக்கம் மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும், மழைக்கு முன்.